காஞ்சியைச் சுற்றி லாரி வராத வழிகள்

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

பிரான்சில் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் சில படங்கள் போட்டிருந்தான். நேராக ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள், கரைமேல் சாய்த்து வைத்த அவனுடைய சைக்கிள். நான்கு நாள் அந்தக் கரையோரமாகவே மிதித்துக் கடல் பக்கம் வரை போய் வந்தானாம். கரைப் பாதையில் ஒரு லாரிகூட எதிரில் வரவில்லையாம். கடைசியில் ஒரு கேள்வி: "பொங்கலுக்கு ஊருக்கு வரேன் சார். நம்ம காஞ்சிபுரத்துல இந்த மாதிரி வழி ஏதாவது இருக்கா?"

குழுவில் ஒருவன் உடனே, "நம்ம ஊர்ல ரோட்டையே தேடணும், இதுல வழி வேறயா?" என்று போட்டான். எல்லோரும் சிரிப்புப் படம் போட்டீர்கள். நான், "இருக்கு. எழுதறேன்" என்று மட்டும் சொன்னேன். அதுதான் இது.

அவன் போன கால்வாயைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. அதன் பெயர் கனால் து மிதி. பதினான்காம் லூயி காலத்தில் ரிக்கே என்பவர் 1666-இல் ஆரம்பித்த வேலை, 1681-இல் முடிந்தது. துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் ஓரம் வரை 240 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் படகைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும். குதிரை நடக்கக் கரையில் ஒரு பாதை போட்டார்கள். சரக்குப் படகும் போயிற்று, குதிரையும் போயிற்று. பாதை மட்டும் மிச்சம். தண்ணீர் ஓடும் இடம் என்பதால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அதனால்தான் சைக்கிள்காரர்களுக்கு அது சொர்க்கம். அதாவது, யாரும் சைக்கிளுக்காகப் போட்ட வழி இல்லை அது. தண்ணீருக்காக வெட்டியது.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். நமக்குக் கால்வாய்க்குப் பதில் ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும், வந்தால் 2021 நவம்பரில் வந்த மாதிரி ஊரைக் கலக்கிவிட்டுப் போகும். வருகிற சில நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் இத்தனை ஏரியும். கூரம் செப்பேடு என்று வகுப்பில் சொன்னது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் நூற்றாண்டு, முதலாம் பரமேசுவரவர்மன். கூரத்தில் பரமேசுவர தடாகம் என்று ஓர் ஏரி, அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்று ஒரு கால்வாய். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பொதுப்பணித்துறை என்று சொல்லிச் சிரிக்க வைப்பேனே.

ஏரி இருக்கும் இடத்தில் சாலை நேராகப் போக முடியாது. கரையைச் சுற்ற வேண்டும், மதகைத் தாண்ட வேண்டும், கலங்கலில் இறங்கி ஏற வேண்டும், வயலுக்கு நடுவில் வரப்பு மாதிரி வளைய வேண்டும். அவசரத்தில் இருக்கும் லாரிக்காரருக்கு அந்த வளைவு ஆகாது. அவர் நெடுஞ்சாலைக்குப் போய்விடுவார். மிச்சம் இருப்பது டிவிஎஸ் 50, பால் கேன், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள். காஞ்சியைச் சுற்றி அமைதியான வழி வேண்டும் என்றால் ஏரிக்கரையைத் தேடினால் போதும். என் அனுபவத்தில் இது பத்துக்கு ஒன்பது தடவை பலிக்கிறது.

இந்த வழிகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். ஒன்பதாம் வகுப்பில் வரைபடப் பாடம் ஆரம்பிக்கும்போது ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன்: உன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை வழியை வரைந்து வா, வடக்கு எது என்று அம்புக்குறி போடு. டவுனில் இருக்கிற பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். பிள்ளையார்பாளையத்துப் பையன் ஒருவன் மட்டும் தெருவில் பாவு நீட்டும் இடத்தையெல்லாம் கோடு போட்டு, "காலையில் சைக்கிளை விட்டு இறங்கவும்" என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பத்துக்குப் பத்து. கிராமத்துப் பிள்ளைகளின் படம்தான் படம். ஒற்றைப் பனை, ஐயனார், மதகு, "நாய் இருக்கும்", "மழையில் போக முடியாது". அரசாங்க வரைபடத்தில் இல்லாத அத்தனையும் அதில் இருக்கும். அந்தத் தாள்களில் பலவற்றை இன்னும் கட்டி வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு காலையில் சைக்கிளில் கிளம்பினேன். வீட்டில், "பேப்பர் திருத்துறதை இன்னும் விடலையா?" என்று கேலி.

தெற்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்குப் பிடித்தது அது. செவிலிமேடு பாலாற்றுப் பாலம் மட்டும்தான் கஷ்டம். வந்தவாசி ரோடு, செய்யாறு சிப்காட்டுக்குப் போகும் லாரி, கம்பெனி பஸ் எல்லாம் அதில்தான். விடிவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட்டால் பிறகு கவலை இல்லை. ஒரு பக்கம் ஐயங்கார்குளம். விஜயநகர காலத்தில் தாத்தாச்சாரியார் வெட்டிய பெரிய குளம், சஞ்சீவிராயர் கோயில், தரைக்குக் கீழே படியிறங்கிப் போகும் நடவாவிக் கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு வரதர் இங்கே எழுந்தருளுவார், கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே மண்டபத்தில் உற்சவம் நடக்கும். மற்ற நாளில் ஆள் இருக்காது. குளத்துப் படியில் உட்கார்ந்தால் காற்று ஒன்று போதும்.

இன்னொரு பக்கம் தூசி. பேரைக் கேட்டு மூக்கை மூட வேண்டாம், பழந்தமிழில் தூசி என்றால் முன்னே போகும் படை. அங்கிருந்து உள்ளே பிரிந்தால் குரங்கணில்முட்டம். குரங்கு, அணில், காக்கை மூன்றும் பூசித்த ஊர் என்பது தலபுராணம், முட்டம் என்றால் காக்கை. சம்பந்தர் பாடிய கோயில், பக்கத்திலேயே பல்லவர் குடைவரை. தூசியை ஒட்டி மாமண்டூர். குன்றில் நான்கு குடைவரை, ஒன்றில் மகேந்திரவர்மன் கல்வெட்டு. குன்றை ஒட்டியே ஏரி, பழைய பெயர் சித்திரமேகத் தடாகம். தை மாதம் ஏரி நிறைந்திருக்கும்போது அந்தக் கரையில் நின்று பாருங்கள். துலூஸ்காரன் படத்துக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்து போய்வர இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், பத்து மணிக்கு இட்லி சாப்பிட வந்துவிடலாம்.

இந்தப் பக்கத்தில்தான் ஒரு சம்பவம். பெயர் சொல்ல மாட்டேன், அந்தப் பெண் இதைப் படிப்பாள்.

அரசு இலவச சைக்கிள் முதலில் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு வந்தது. 2005-06-இல்தான் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று ஆயிற்று. அதற்கு அடுத்த வருஷம் பாலாற்றுக்குத் தென்கரைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். அப்பா தறி நெய்பவர். வாரம் ஒரு முறை சேலையை மஞ்சள் பையில் சுற்றிச் சைக்கிளில் வைத்து டவுனுக்குக் கொண்டு வருவார். ஆற்றில் தண்ணீர் இல்லாதவரை அவளும் இரண்டு தோழிகளும் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆற்றைத் தாண்டி வந்துவிடுவார்கள். ஐப்பசியில் தண்ணீர் வந்தது. பாலத்தைச் சுற்றி வர வேண்டும், பாலத்துக்கு வர மெயின் ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர். ஒரு நாள் லாரி ஒன்று ஒட்டி உரசிக்கொண்டு போக, தோழி கீழே விழுந்து முழங்கை பெயர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று பேரும் வரவில்லை.

பத்து நாள் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து மரியாதையாகத்தான் பேசினார். "படிப்பு நல்லதுதான் சார். புள்ள உசுரோட வரணும் இல்ல?" அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது அம்மா முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வரைபடக் கட்டைப் பிரித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்துக் கிராமத்துப் பையன் வரைந்தது கிடைத்தது. அதில் அவர்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து வரத்துக் கால்வாய் ஓரமாக ஒரு வழி போகிறது, பாலத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால்தான் மெயின் ரோட்டில் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். அவர் வாய் திறக்கவில்லை. வழியில் முள்ளைக் கண்ட இடத்தில் இறங்கி ஓரம் தள்ளினார். ஒரு இடத்தில் நாய் குரைத்தது, அது யார் வீட்டு நாய் என்று விசாரித்தார். பாலம் வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "பாலத்த மட்டும் தள்ளிக்கினு போவச் சொல்லுங்க சார்" என்றார். திங்கட்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அவள் இன்று ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. அவள் வகுப்பிலும் இந்த வீட்டுப்பாடம் உண்டு என்று கேள்விப்பட்டேன்.

சைக்கிள் கொடுத்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதையும் எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான். சைக்கிள் ஓட எந்த ரோடு என்பதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. பணம் படைத்தவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கும் இந்த அமைதியான வழி, அந்த மூன்று பெண்களுக்குப் பிளஸ் டூ.

சரி, வழிக்கு வருகிறேன். கொஞ்சம் தூரம் போக ஆசைப்படுபவர்கள் உத்திரமேரூர் போகலாம். ஓரிக்கையில் பாலாற்றைத் தாண்டி, குருவிமலை, களக்காட்டூர், ஆர்ப்பாக்கம், மாகறல் வழி. முப்பது கிலோமீட்டருக்கு ஒட்டி வரும். இதில் பஸ் உண்டு, ஆனாலும் நெடுஞ்சாலை மாதிரி வேகம் இல்லை. ஆர்ப்பாக்கத்தில் சமணக் கோயில், மாகறலில் பாடல் பெற்ற மாகறலீசுவரர். உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு, முதலாம் பராந்தகன், 919-ம் 921-ம். எல்லோரும் தேர்தலைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எனக்குப் பிடித்தது அதில் வரும் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள என்றே ஒரு குழு, குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு வயது தாண்டிவிட்டது, உங்களில் பலருக்கு இப்போதுதான் சரியாக இருக்கிறது. அங்கே இருக்கும் ஏரிக்கும் பல்லவர் பெயர்தான், வைரமேகத் தடாகம்.

அங்கிருந்து வேடந்தாங்கல் வரை வயலும் சிறு ஏரியுமாகப் போகும். திரும்பி வருவதையும் சேர்த்தால் நூறு கிலோமீட்டர் ஆகிவிடும், அதனால் இளவட்டங்களுக்கு மட்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் பறவை இருக்கும். வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டுக்கும் 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டாசு வெடிக்காமல் காத்த இடம் அது. சைக்கிள் மணியைக்கூட அங்கே அடிக்காதீர்கள்.

வடக்கே கூரம். பெங்களூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்டும் இடம் மட்டும் ஆபத்து, இறங்கித் தள்ளுங்கள். தாண்டிவிட்டால் கூரத்தாழ்வார் ஊர் வரை நெல் வயல்தான். கிழக்கே தென்னேரி. ஏரிக்கரை நீளம், காற்று எதிரில் அடித்தால் தொடை வலிக்கும்.

போக வேண்டாம் என்று சொல்வது ஒன்று: பழையசீவரம், திருமுக்கூடல் பக்கம். மனசு கேட்காமல்தான் சொல்கிறேன். பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடும் இடம். வீரராசேந்திரன் கல்வெட்டில் பதினைந்து படுக்கையோடு ஒரு மருத்துவமனை, வைத்தியருக்கு இவ்வளவு நெல், பணிப்பெண்களுக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு! ஆனால் ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய லாரிகள் அந்த ரோட்டை ஒரு வழி பண்ணிவிட்டன. மாட்டுப் பொங்கலன்று வரதர் பார்வேட்டைக்குப் போகும்போது கூட்டத்தோடு கூட்டமாக வேனில் போய் வாருங்கள். சைக்கிள் வேண்டாம்.

பரந்தூர் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. என் கட்டில் ஏகனாபுரம், நெல்வாய் பக்கத்துப் பிள்ளைகள் வரைந்த படங்களும் இருக்கின்றன. கம்பன் கால்வாய், ஏரி, ஏரிக்குப் பின்னால் ஏரி. 2022-இல் அங்கே விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது. 13 ஊர், 5,000 ஏக்கருக்கு மேல். ஏகனாபுரத்து மக்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். நம் குழுவிலேயே இதில் இரண்டு கட்சி இருக்கிறது, எனக்குத் தெரியும். இங்கே சண்டை வேண்டாம். என் கருத்து கேட்டால், ஓர் ஏரி போனால் தண்ணீர் மட்டும் போகாது, அதைச் சுற்றி வளைந்த வழியும் அந்த வழியில் நடந்த கால்களும் சேர்ந்துதான் போகும். நஷ்ட ஈட்டுப் பட்டியலில் வழிக்கு ஒரு வரி போட்டு நான் பார்த்ததில்லை. பிரான்சிலும் எல்லாம் பத்திரமாக இல்லை. துலூஸ்காரன் படத்தில் இருக்கும் அந்தப் பிளேன் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து, 2006 முதல் ஆயிரக்கணக்கில் வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் வேறு மரம் நடுகிறார்கள் என்பது வித்தியாசம். நம் ஊரில் ரோட்டை அகலப்படுத்த வெட்டிய புளிய மரங்களின் இடத்தில் இன்னும் வெயில்தான் நிற்கிறது.

பரந்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் வரைந்த படத்தை ஞாபகத்திலிருந்து மறுபடி வரைந்து எனக்கு அனுப்புங்கள். கோணலாக இருந்தால் பரவாயில்லை, மதகும் கலங்கலும் எங்கே என்று போடுங்கள், வடக்குக்கு அம்புக்குறி மறக்காதீர்கள். பழைய படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்பா, தாத்தா சொல்லச் சொல்ல எழுதினால் இன்னும் நல்லது.

இனி வருபவர்களுக்கு. கியர் சைக்கிள் தேவை இல்லை, நம் பக்கம் ஏற்றமே கிடையாது. டயர் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். சீமைக்கருவேல முள் எந்த டயரையும் மதிக்காது, அதனால் பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றுப் பம்பும் கையில் வேண்டும். கூகுள் மேப் ஏரிக்கரையைக் காட்டாது, காட்டினால் ஏரிக்குள்ளேயே இறக்கிவிடும். மாடு மேய்ப்பவரைக் கேளுங்கள். மார்கழிப் பனியில் முன்னால் பின்னால் இரண்டு பக்கமும் விளக்கு அவசியம். காலை, மதியம், இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் சின்ன ரோட்டிலும் நுழையும், அப்போது டீக்கடையில் உட்கார்ந்துவிடுங்கள். கலங்கல் மேல் தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். இதை வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன்.

சென்னை அத்தையும் சித்தப்பாவும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: முழங்கால் நன்றாக இருக்கிறது, டாக்டர் மிதிக்கச் சொல்லியிருக்கிறார். மாமண்டூர் வரை வர விரும்புபவர்கள் முதல் நாள் இரவு ஒன்பதுக்குள் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். காலை ஐந்து மணிக்கு செவிலிமேட்டில் பாலத்துக்கு முன்னால் நிற்பேன். ஐந்து பத்துக்குக் கிளம்பிவிடுவேன், வகுப்புக்கு லேட்டாக வந்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.